கிளம்பும் நேரத்து ஆட்டம்

சீட்டாட்டக் கிளப்பில் அவருக்கு வாசப்படி என்று பெயர். தொழில் என்னவோ சோபாவுக்கும் நாற்காலிக்கும் குஷன் மாற்றுவது. கிழிந்த ரெக்சினை உரித்து, அமுங்கிப்போன ஸ்பாஞ்சைத் தூக்கியெறிந்து, புதுத்துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக் கொடுத்தாரென்றால், மூலையில் கிடந்த சோபாகூடப் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காரும். கடையில் அவருக்கும் மனைவிக்கும் பாதிப் பாதி வேலை. சட்டமும் ஆணியும் அவர் பக்கம், தையல் மெஷின் அந்தம்மா பக்கம். வியாழக்கிழமை கடைக்கு லீவு. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளப்புக்குப் போவார், வெயில் தாழ்வதற்குள் வீடு திரும்பிவிடுவார்.

"உங்களை நம்பி அனுப்பலாம். எப்ப எந்திரிக்கணும்னு உங்களுக்குத் தெரியும்" என்பாள் மனைவி. அவருக்கு அதில் ஏகப் பெருமை.

டயர் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போனால் கிளப். ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை. போக்கர் மேசையின் பச்சைத் துணியும், ஆடுகிறவர்கள் முழங்கையை ஊன்றிக்கொள்ளச் சுற்றிலும் வைத்த மெத்துமெத்தென்ற விளிம்பும் குஷன்காரர் கைவேலைதான். வாசப்படி என்ற பெயரை வைத்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மாஸ்டர். ஒருநாள் நன்றாகத் தோற்றுவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "யோவ், மத்தவன்லாம் ஆடி ஜெயிக்கிறான். நீ வாசப்படியில உக்காந்துக்கிட்டு வீட்டுக்குப் போறவன வழிப்பறி பண்றே!"

எல்லாரும் சிரித்தார்கள், குஷன்காரரும் சிரித்தார். மாஸ்டர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

போக்கரில் வந்து உட்காருவதற்கு யாரும் யோசிப்பதில்லை. எழுந்துபோவதற்குள்தான் மனுஷனுக்கு உயிர் போய் உயிர் வரும். ஜெயித்தவன் கிளம்பலாம் என்றால், 'கறந்துக்கிட்டு ஓடறான் பாரு' என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்களே என்ற கூச்சம். தோற்றவனுக்கோ விட்டதைப் பிடிக்காமல் எப்படிப் போவது என்ற வேகம். போதும், போகலாம் என்று மனசு சொல்லி முடித்த பிறகும் உடம்பு நாற்காலியை விடாது. குஷன்காரர் காத்திருப்பது அந்த இடைவெளிக்குத்தான்.

அடையாளங்கள் அவருக்கு அத்துப்படி. டிரைவிங் மாஸ்டர் கிளம்ப நினைத்துவிட்டால் வராத கொட்டாவியை வரவழைப்பார். பல் டாக்டர், பணத்துக்குப் பதிலாகக் கிளப்பில் கொடுக்கிற காயின்களை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்க ஆரம்பிப்பார். சிலர் மேசைக்கு அடியில் காலால் செருப்பைத் தேடுவார்கள். வண்டிச் சாவி சட்டைப்பையிலிருந்து மேசைமேல் ஏறிவிட்டால் ஆள் பாதி வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்டவனுக்குச் சண்டை பிடிக்கத் தெம்பிருக்காது. எதிரே ஒருவர் திடீரென்று காயினை எல்லாம் நடுவில் தள்ளினால், கையில் நல்ல சீட்டு இருந்தாலும் 'எதுக்கு வம்பு' என்று மடக்கி வைத்துவிடுவான். குஷன்காரர் கையில் ஒன்றுமே இருக்காது, ஆனாலும் தள்ளுவார். அவர்கள் மடக்குவார்கள், இவர் வாரிக்கொள்வார்.

சீண்டிவிட்டால் அதே ஆள் முறுக்கிக்கொண்டு திரும்ப உட்காருவதும் உண்டு. அதுவும் இவருக்கு லாபம்தான்.

அவர் கிளம்புவது மட்டும் யாருக்கும் தெரியாது. பாத்ரூமுக்குப் போகிறவர் மாதிரி எழுந்திருப்பார். திரும்பி வரவே மாட்டார்.

இப்படி அவரிடம் மாட்டியவர்களில் நிரந்தர வாடிக்கை ஒருவர், லிஃப்ட் மெக்கானிக். அவருக்குக் கிளப்பில் 'ஒருகை' என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, அவருக்கு ரெண்டு கையும் இருக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள். இருந்தது. கிளம்புவதற்காக எழுந்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு கை ஆடிட்டுப் போறேன்" என்று மறுபடி உட்காருவார், அதனால் வந்த பெயர். எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, "லிஃப்ட்டு மாதிரி மேலயும் கீழயும் போறாரு" என்று மாஸ்டர் கிண்டல் செய்வார். குஷன்காரர் கிண்டல் செய்யமாட்டார். கவனிப்பார்.

ரெண்டு மாசமாக ஒருகை வரவில்லை. சம்சாரம் கயிற்றை இறுக்கிவிட்டாள் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நல்ல வாடிக்கை போய்விட்டதே என்று குஷன்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

அந்த வியாழக்கிழமை மேசையில் குஷன்காரரும் மாஸ்டரும் பல் டாக்டரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கு அன்று நேரமே சரியில்லை. காயினை அடுக்குவதும் கலைப்பதுமாகப் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார். அப்போது ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. ராத்திரியெல்லாம் அதிலேயே படுத்து எழுந்த மாதிரி உடுத்தியிருந்த துணி கசங்கியிருந்தது. கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதிலிருந்த காயின்களை மேசைமேல் கொட்டினாள்.

சீட்டுப் போடுகிற பெண் தயங்கினாள். "மேடம், இது நம்ம கிளப் காயின்தான். ஆனா வெளியில கொண்டுபோகக் கூடாது."

"தெரியும்மா. அதான் திருப்பிக் கொண்டாந்திருக்கேன்."

"கவுண்டர்ல குடுத்தா பணமா தருவாங்களே."

"பணம் வேண்டாம். ஆடத்தான் வந்தேன். எங்க வீட்ல சொல்லிக் குடுத்திருக்காங்க."

மேனேஜர் தூரத்திலிருந்து சரியென்று தலையை ஆட்டினார். அந்தம்மா கதவுக்கு நேராக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அது ஒருகையின் நாற்காலி என்று குஷன்காரருக்குத் தோன்றியது. காலியாய்க் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் உட்காரட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆட்டம் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆளுக்கு ரெண்டு சீட்டு மூடி வைத்துக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும். நடுவில் இருப்பதையும் கையில் இருப்பதையும் சேர்த்து யாருக்கு நல்ல சேர்க்கை அமைகிறதோ அவருக்கு ஜெயம். இல்லாததை இருப்பதாகக் காட்டி மற்றவரை மடக்க வைத்தாலும் ஜெயம்தான். அந்தம்மாவோ தனக்கு வந்த சீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. வந்ததும் மடக்கிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள், மேசை விளிம்பைத் தடவினாள். கைப்பை மடியிலேயே இருந்தது. இடது கைக்குள் ஒரு வீட்டுச் சாவி. பைக்குள் செல்போன் உறுமி உறுமி அடங்கியது, எடுக்கவில்லை. கண் கதவுக்குப் போகும், திரும்பும், மறுபடி போகும்.

குஷன்காரர் மனசுக்குள் சப்புக்கொட்டினார். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி ஒட்டியதில்லை.

கொஞ்ச நேரம் போனது. அந்தம்மா சிதறிக்கிடந்த காயின்களை ஒன்றாகக் குவித்தாள். பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இந்த ஒரு கை. அப்புறம் நான் போகணும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

சீட்டு வந்தது. குஷன்காரர் கையில் ஏழும் ஆறும், தேறாத சீட்டு. நடுவில் ஒவ்வொன்றாகத் திறந்ததில் மூன்று ஆட்டின், அதாவது சிவப்பு இதயச் சீட்டுகள் விழுந்தன. கையில் இன்னும் ரெண்டு ஆட்டின் வைத்து ஐந்தையும் ஒரே ஜாதியாகச் சேர்க்கிறவனை அசைக்க முடியாது என்று பார்க்கிற யாரும் பயப்படும்படியான மேசை. மாஸ்டரும் டாக்டரும் மடக்கிவிட்டார்கள். அந்தம்மா கொஞ்சம் காயின் வைத்துத் தொடர்ந்து வந்தாள். குஷன்காரர் பெருமூச்சு விட்டார், யோசிப்பதுபோல் தாடையைச் சொறிந்தார், பிறகு தன் முன்னால் இருந்த அத்தனையையும் ரெண்டு கையாலும் நடுவில் தள்ளினார். மாஸ்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

அந்தம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் குவியலை அப்படியே தள்ளினாள்.

"நானும்."

குஷன்காரருக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம் வந்தது. "மேடம், எல்லாத்தையும்..." என்று இழுத்தாள் சீட்டுப் போடுகிற பெண்.

"எல்லாத்தையும்தான்மா. காட்டச் சொல்லு."

அவர் சீட்டைத் திருப்பினார். வெறும் ஏழு, வெறும் ஆறு. அந்தம்மா தன்னுடையதைத் திருப்பினாள். ஒரு பத்து, ஒரு நாலு. நடுவிலும் ஒரு நாலு கிடந்தது. நாலுக்கு ஜோடி நாலு. அதைவிடச் சின்ன ஜோடி மூணுக்கும் ரெண்டுக்கும்தான் உண்டு. அதை நம்பி யாரும் ஒரு டீக்குக்கூடப் பந்தயம் கட்டமாட்டார்கள்.

"அடேங்கப்பா!" என்றார் மாஸ்டர். "வாசப்படியே சறுக்கிடுச்சே!"

குஷன்காரருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷத்தில் கிளம்புகிற ஆள் யாரும் இப்படித் திருப்பி அடித்ததில்லை. எதை வைத்துக் கண்டுபிடித்தாள்? நம்முடைய பெருமூச்சா, தாடையைச் சொறிந்ததா?

ஜெயித்தவள் முகத்தைப் பார்த்ததும் அந்த யோசனையெல்லாம் நின்றுபோயிற்று. அந்தம்மா தன் பக்கம் நகர்ந்து வந்த காயின் குவியலைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை... இல்லைங்க. தப்பா குடுக்கறீங்க. அவருக்குக் குடுங்க."

"நீங்கதான் மேடம் ஜெயிச்சீங்க."

"நான் தோத்துட்டுப் போகத்தான்மா வந்தேன்!" குரல் உடைந்தது. "கொஞ்ச நேரம் உக்காந்து பார்த்துட்டு, இதைத் தொலைச்சுட்டுக் கிளம்பலாம்னு வந்தேன். இப்ப ரெண்டு மடங்கா குடுத்தா நான் என்ன பண்றது?"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, உக்காருங்க. இது யாரோட காயின்?"

"எங்க வீட்டுக்காரரோடது. ஆஸ்பத்திரியில, சேர்த்தப்ப அவர் போட்டிருந்த சட்டையைக் குடுத்தாங்க, பையில இருந்துச்சு. நீங்க அவரை ஒருகைன்னு கூப்பிடுவீங்களாமே." சாவியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. "இன்னைக்குக் காலையில போயிட்டாரு."

சீட்டுப் போடுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் எழுந்து நின்றார், ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

அந்த அமைதியில் பல் டாக்டர் குனிந்த தலை நிமிராமல், "அடுத்த கை போடலாமா?" என்றார்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. முகம் சாம்பலாகிவிட்டது. படித்தவர், நல்லவர், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் பல் பிடுங்குகிறவர். மதியத்திலிருந்து விட்டதைப் பிடிக்கிற வெறியில் மண்டைக்குள் வேறு எதுவும் ஏறவில்லை. "ஐயோ, நான் அந்த மாதிரி... மன்னிச்சிடுங்கம்மா" என்று எழுந்தவர், அடுக்கிய காயின்களை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அத்தனை நேரம் கிளம்ப முடியாமல் தவித்தவர் அப்படித்தான் கிளம்பினார்.

குஷன்காரர் மட்டும் அசையவில்லை. அவர் அங்கே இல்லை. ரெண்டு மாசத்துக்கு முந்திய ஒரு வியாழக்கிழமையில் இருந்தார்.

ஒருகை கடைசியாக வந்த நாள். அன்று ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஆட்டத்தில் மனசு ஒட்டவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடிக்கடி கதவைப் பார்த்தார். இடது கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தது. வண்டிச் சாவியைத் தேடுகிறார், கிளம்பப் பார்க்கிறார் என்று குஷன்காரர் கணக்குப் போட்டார். "நான் கிளம்பறேன்பா, ஒரு மாதிரியா இருக்கு" என்று எழுந்தபோது, "என்ன அண்ணே, வாசப்படியைப் பார்த்துப் பயமா?" என்று சீண்டினார். மேசையே சிரித்தது. ஒருகையும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். இன்னும் ஒரு கை, அப்புறம் இன்னும் ஒரு கை. கடைசியில் மிச்சமிருந்த காயினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பணமாக மாற்றாமலே படியிறங்கினார். காயினை மாற்ற மறந்துவிட்டுப் போகிறாரே என்று மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

அவர் தேடியது சாவியை இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேர்வை, கதவு, சட்டைப்பையில் கை. எல்லாவற்றையும் குஷன்காரர் ஒன்றுவிடாமல் பார்த்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர் உலகத்தில் வேறு யாருமில்லை.

"யோவ் குஷன்" என்று மாஸ்டர் தோளைத் தொட்டார். "அம்மா தனியா வந்திருக்காங்க. உன் வேன் கீழ நிக்குதில்ல? வீட்டுல கொண்டுபோய் விடு."

வேனின் பின்பக்கம் ஒரு சோபாச் சட்டம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே ஸ்பாஞ்சும் பசையும் கலந்த வாடை. அந்தம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னாள். வலது பக்கம், நேரா, மெடிக்கல் தாண்டி இடது பக்கம். நடுநடுவே பேசினாள்.

"கொழுந்தன் ஆஸ்பத்திரியில எல்லாம் பார்த்துக்கறாரு. நான் வீட்டுக்குப் போய்ப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு, மாத்துத் துணி எடுத்துட்டு வரேன்னு கிளம்பினேன். கால் வீட்டுப் பக்கம் போகல. அவகிட்ட போய் எப்படிச் சொல்வேன்? காலேஜ்ல இருந்து வந்து, அப்பாக்கு எப்படி இருக்குன்னு கேப்பா."

குஷன்காரர் வண்டி ஓட்டினார்.

"ரெண்டு மாசம் முன்னாடி, ஆஸ்பத்திரியில சேர்ந்த அன்னைக்குக் காலையிலயே நெஞ்சு கரிக்குதுன்னாரு. இன்னைக்குக் கிளப்புக்குப் போகாதீங்கன்னேன். கேக்கல. எனக்குக் கோவம் வந்து, போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேன்." பையின் வாரை விரலில் சுற்றினாள். "அதான் அந்தக் காயினை வீட்டுக்குள்ள கொண்டுபோக எனக்குப் பிடிக்கல. அந்த இடத்துலயே தொலைச்சிடணும்னு இருந்துச்சு. அது என்னடான்னா பெருகிக்கிட்டு வருது."

சிக்னலில் வண்டி நின்றது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அங்க வாசப்படின்னு ஒருத்தர் இருக்காராமே. இன்னைக்கு வரலையா?"

ஜெயித்தபோது மாஸ்டர் அந்தப் பெயரைச் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. இல்லைம்மா, வரலை என்று சொல்லிவிடலாம். ரெண்டே வார்த்தை. இல்லாத சீட்டை இருப்பதாகக் காட்டியே பழகின மனுஷனுக்கு அது ஒரு பெரிய காரியமா? ஆனால் வாய் வரவில்லை.

"எதுக்கும்மா கேக்கறீங்க?"

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப அவரைப் பத்தி நிறையப் பேசுவாரு. மத்தவங்கல்லாம் நான் என்ன சீட்டு வச்சிருக்கேன்னு பார்ப்பாங்க, வாசப்படி ஒருத்தர்தான் நான் எப்ப கிளம்பறேன்னு பார்ப்பார்னு. சொல்லிட்டுச் சிரிப்பாரு."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. குஷன்காரர் ஓரமாக ஒதுக்கி வண்டியை நிறுத்தினார்.

"நான்தாம்மா அது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான்தான் வாசப்படி. அன்னைக்கு அவர் கிளம்பத்தாம்மா பார்த்தாரு. முகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. நான் பார்த்தேன். ஆட்டத்தை விட்டு ஓடப் பார்க்கறார்னு நினைச்சு, நான்தான் வம்புக்கு இழுத்து உக்கார வச்சேன்."

அறைவாள், திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தார். அவள் எதுவும் செய்யவில்லை. முகத்தில் எந்த அசைவும் இல்லை. அந்த முகத்திலிருந்து எதையுமே அவரால் படிக்க முடியவில்லை.

"நான் இங்கயே இறங்கிக்கறேன்" என்றாள்.

கதவைத் திறக்கப் பார்த்தாள். அந்தக் கதவின் கைப்பிடி உடைந்து வெகுநாளாயிற்று, உள்ளேயிருந்து திறக்காது. அவள் இழுத்தாள், மறுபடி இழுத்தாள், உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். "திற! திறந்து தொலை!" என்று கத்தினாள். கதவைப் பார்த்துக் கத்தினாளா, அவரைப் பார்த்துக் கத்தினாளா தெரியாது. காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. குஷன்காரர் இறங்கி ஓடி, சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டார். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் இறங்கவில்லை. சீட்டிலேயே குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். அவள் போவாளா இருப்பாளா என்று யூகிக்கக்கூட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அழுகை ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கதவைச் சாத்துங்க. அடுத்த தெருதான் வீடு. நீங்களும் மேல வாங்க. அவகிட்ட என்னால தனியா சொல்ல முடியாது."

மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவள் முன்னால் ஏறினாள், அவர் பின்னால். கதவைத் திறந்த பெண்ணுக்கு அப்பா ஜாடை அப்படியே, அகன்ற நெற்றியும் சிரிக்கப் போகிற மாதிரியான உதடும். அம்மாவைப் பார்த்தாள். பின்னால் நின்ற அறியாத ஆளைப் பார்த்தாள்.

"ஏம்மா போனை எடுக்கல? சித்தப்பா என்னென்னமோ சொல்றாரு. இவர் யாரு?"

அந்தம்மா குஷன்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அப்பாகூட ஆடறவன்மா" என்றார் அவர். "அம்மாவைக் கொண்டுவந்து விட வந்தேன். அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முதல்ல உக்காரு."

அந்தப் பெண் உட்காரவில்லை. அவர் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது போலும். கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள். அம்மா அவளைத் தாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அங்கே அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் எப்படிக் கிளம்புவது என்று தெரியவில்லை. பாத்ரூமுக்குப் போவதுபோல நழுவுகிறவருக்கு அன்றைக்கு வாசல் ரெண்டடி தூரத்தில் இருந்தும் கால் எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தார். நாற்காலி கேட்டார்கள், போட்டார். கொழுந்தன் வந்து சேர்ந்த பிறகுதான் படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீங்க உக்கார வைக்காட்டி அவர் பிழைச்சிருப்பாரா?"

"தெரியல. டாக்டருங்ககிட்டதான் கேக்கணும்."

"கேப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் அவர் கிளப்புக்குப் போனார். ஒரேயடியாக விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். ஆனால் ஆட்டம் போய்விட்டது. யாராவது கைக்குட்டையை எடுத்தால் போதும், "உடம்பு சரியா இருக்கில்ல?" என்று கேட்டுவிடுவார். ஆட்டத்தின் நடுவில் அப்படிக் கேட்டால் யாருக்குப் பிடிக்கும்? "என்ன குஷன், புதுத் தந்திரமா?" என்பார்கள். மாஸ்டருக்கு மட்டும் தெரியும், அவர் பேசமாட்டார். பல் டாக்டர் அந்தப் பக்கமே வரவில்லை. குஷன்காரர் தோற்றுத் தோற்று, பிறகு வியாழக்கிழமையும் கடையைத் திறக்க ஆரம்பித்தார்.

சில மாசம் கழித்து ஒருகையின் பெண் கடைக்கு வந்தாள். அம்மா வரச் சொன்னதாகச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தம்மா காபி கொடுத்தாள். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பேச்சு வேண்டாம். உங்க மேல எனக்கு வருத்தம் இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். என் மேலயும்தான் இருக்கு. இவளுக்கு உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம், அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "அப்பா அங்க எப்படி ஆடுவாரு? எப்பவும் தோத்துட்டேன்னுதான் வந்து சொல்வாரு. ஒரு தடவைகூட ஜெயிச்சதே இல்லையா?"

குஷன்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு மதியம் உடனே கண்முன்னால் வந்து நின்றது.

"ஒரு தடவை என்னைக் கவுத்திருக்காரும்மா. அன்னைக்கு மழை. என் கையில ரெண்டு ராஜா, நடுவுல இன்னொண்ணு. நான்தான் ஜெயிக்கணும். உங்க அப்பா அத்தனையையும் தள்ளிட்டு, மேல ஓடற ஃபேனைப் பார்த்துக்கிட்டு விசில் அடிக்கறாரு. பெருசா என்னமோ வச்சிருக்காருன்னு நம்பிட்டேன். மூணு ராஜாவையும் மடக்கிட்டேன். அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினாரு. ஒண்ணுமே இல்லை! வெறும் ரெண்டும் அஞ்சும்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எந்திரிச்சு மேசையைச் சுத்தி ஒரு ஓட்டம். மேனேஜர் வந்து சத்தம் போடற வரைக்கும் நிக்கல."

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்தம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன விசில் அது?" என்றாள் பெண். "எந்தப் பாட்டு?"

குஷன்காரருக்கு விசிலடிக்க வராது. இருந்தாலும் உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது.